அக்காட குரலும் 110 ஹேர்ட்ஸும்

நவம்பர் 3

அக்கா பாடி நான் கிற்றார் அடிச்ச பாட்டு. ரெண்டையும் சேர்த்து ஒழுங்காக்கின மிக்ஸை இரவு மூண்டு பேருக்கு அனுப்பினன். விடிய முதல் திருகோணமலைத் தம்பிட பதில் வந்திட்டு. "அண்ணே, கிற்றார் கீழ வீங்குது. குரல் பின்னால நிக்குது."

வீங்குது எண்டா எங்க? திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டன். ஏ கோர்ட் வரக்குள்ள மட்டும்தான். ஈ-யில இல்ல, டீ-யில இல்ல. ஐந்தாம் கம்பியைத் திறந்து தட்டினா 110 ஹேர்ட்ஸ். அந்த ஒரு இடம்.

டொரொண்டோ அண்ணன் வொய்ஸ் அனுப்பியிருந்தார். "குரலை இன்னொருக்கா எடு தம்பி, ஒரு மணித்தியால வேலைதானே." அவருக்கு இன்னும் பதில் போடல்ல.

நவம்பர் 4

கிளினிக். அக்காட கழுத்துக் கழலை ஒப்பரேஷனுக்குத் திகதி தரல்ல.

நவம்பர் 6

கல்முனை மச்சான் பாட்டைப் பற்றி ஒண்டும் கதைக்கல்ல. "அறை எவ்வளவு நீளம்?" எண்டார். டேப் பிடிச்சுப் பார்த்தன், பத்து அடி. மறுகா அவர் கணக்குச் சொன்னார். எங்கட சூட்டில சத்தம் வினாடிக்கு 349 மீற்றர் ஓடும். அதை அறை நீளத்தின்ட ரெண்டு மடங்கால பிரிச்சா 57. அதுதான் ரெண்டு சுவருக்கும் நடுவில நிக்கிற முதல் அலை. அடுத்தது 114. எங்கட ஏ, 110. இந்த அறைக்குள்ள ஆர் ஏ தட்டினாலும் சுவரும் சேர்ந்து தட்டும்.

57-க்கு நடு அறையில சத்தமே இல்லயாம். 114 அங்கதான் முழுசா நிக்கும். அது செத்துப்போற இடம் சுவரில இருந்து நீளத்தில கால் பங்கு. அக்காவுக்கு வெக்கை தாங்காது எண்டு கதிரையை யன்னலுக்கு நேர, நடுவில போட்டிருந்தது.

ஈகியூவால, அதாவது ஒவ்வொரு அலைவரிசையையும் தனியாக் கூட்டிக் குறைக்கிறதால, 110-இல ஒடுக்கமா நாலு டெசிபெல் வெட்டினா ஏ அடங்குது, ஆனா மற்றக் கோர்ட்டெல்லாம் மெலிஞ்சு போகுது. டைனமிக் ஈகியூ போட்டன். வீங்கினா மட்டும் அமுக்கும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். கிற்றார் மைக்கில சரி வந்திட்டு. வீக்கம் குரல் மைக்கிலயும் இருந்தது. நானும் அக்காவும் ஒரே நேரத்தில ஒரே அறையில எடுத்தது, கிற்றார் எல்லாம் குரல் மைக்குக்குள்ளயும் கிடக்கு. அக்கா இந்தப் பாட்டில 196-க்குக் கீழ இறங்கவே இல்ல. குரல் மைக்கில 150-க்குக் கீழ எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சன். அப்பாடா.

ஓடத்தில போய் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்றத் தொங்கலில காதை வைச்சு மீன் பாடுறதைக் கேட்ட ஊர் இது, மட்டக்களப்பு. ஒரு ஏ-யைப் பிடிக்க எனக்கு நாலு நாள்.

நவம்பர் 7

அந்த மூச்சு.

ரெண்டாம் சரணத்துக்கு முதல் அக்கா எடுக்கிற மூச்சு. முடியிற இடத்தில சின்னக் கரகரப்பு. தம்பி வெட்டச் சொல்றான். "கொம்ப்ரசர் தூக்கிக் காட்டுது அண்ணே." அவன் சொல்றது சரிதான். கொம்ப்ரசர் பெரிய சத்தத்தைக் குறைக்கும், பிறகு நாங்க மொத்தத்தையும் உயர்த்துவம், அப்ப மெல்லிசா இருந்ததெல்லாம் மேல வரும். வரிக்கு வரி நடுவில கிற்றாரும் அப்பிடித்தான் பொங்கி வருது.

கொம்ப்ரசர் பிடிக்க முதலே மூச்சை மட்டும் கையால ஆறு டெசிபெல் இறக்கினன். கேட்டா அந்த இடத்தில ஆளே இல்ல. திரும்ப மூண்டு ஏத்தினன். பிறகு ஒண்டரை. பன்னிரண்டு மணிக்கு மேல காது வேலை செய்யாது எண்டு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு மணி வரைக்கும் அந்த அரை வினாடியையே சுத்திச் சுத்திக் கேட்டன்.

குரலுக்குப் போற நரம்பு கழலைக்குப் பின்னாலதானாம் ஓடுது.

நவம்பர் 8

மழை. தகரத்தில விழுற சத்தத்துக்குள்ள ஒண்டும் ஏலாது.

நவம்பர் 9

மச்சான் இண்டைக்கு ஏசினார். "ஈகியூ போட்டதும் நல்லாயிருக்கு எண்டுறாய், அது நல்லாயிருக்கா, சத்தம் கூடினதா?" போட்டதையும் போடாததையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து மாத்தி மாத்திக் கேட்கச் சொன்னார். செய்தன். குரலில ஏத்தி வைச்சிருந்ததில பாதி போயிட்டு, ஆசையா வாங்கின டேப் பிளகினும் சேர்த்து. குரல் முன்னுக்கு வந்திட்டு.

அம்மா படுத்த பிறகுதான் மிக்ஸ் பண்றது, சத்தத்தைக் குறைச்சு. குறைஞ்ச சத்தத்தில காதுக்கு பேஸ், அந்தக் கீழ்ச் சத்தம், குறைவாத்தான் கேட்கும். காது கேட்கிறதை ஆராய்ஞ்ச ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-இலயே அளந்து எழுதிப்போட்டாங்க. அதால நான் பேஸைக் கூட்டுவன், பகலில கேட்கிறவனுக்கு அது குண்டுச் சத்தம். இனிப் பகலில மட்டும்தான். பகலில எண்டா காத்தான்குடிப் பக்க பஸ்ஸும் ஹோர்னும்.

நவம்பர் 10

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா.

"முடிஞ்சா மனே?"

"இன்னும் இல்லக்கா."

ஹெட்போனை வாங்கிக் கேட்டா. கண்ணை மூடல்ல, ஒண்டும் இல்ல, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டா. கழட்டிப்போட்டு, "மூச்சு கேக்குது. எடுத்துடு" எண்டா.

எடுக்கல்ல.

நவம்பர் 11

போன் ஸ்பீக்கரில குரல் நிக்குது, கிற்றார் பரவாயில்ல. அறை எதிரொலி மாதிரிப் போடுற றிவேர்ப் குரலை இழுத்துக்கொண்டு பின்னால போனது, அதை 30 மில்லிசெக்கன் பிந்தி வர விட்டன். சொல்லு முதல்ல வருது, அறை பிறகு வருது.

டொரொண்டோ அண்ணன் மாஸ்டரை, வெளியிடப்போற கடைசிப் பைலை, இன்னும் சத்தமாக்கச் சொல்றார். எதுக்கு? யூடியூப் -14 லஃப்ஸுக்கு (சத்தத்தின்ட அளவு) மேல போறதை இறக்கித்தான் போடும். நசுங்கினதுதான் மிச்சம். அவருக்கு அதை எழுதினன். "இன்னொருக்கா எடு" எண்டதுக்கு மட்டும் இன்னும் எழுதல்ல.

நவம்பர் 13

திகதி வந்திட்டு. 19.

நவம்பர் 14

பைலை பென் ட்ரைவில ஒண்டு, மச்சானிட்ட ஒண்டு, ஒன்லைன் ட்ரைவில ஒண்டு. மிக்ஸ் இல்ல, வெட்டாத வெறும் குரல். மூச்சோட.

நவம்பர் 16

"பழசில மூச்சு கேக்குது. நான் திரும்பப் பாடுறன்" எண்டா அக்கா. நான் கேட்கல்ல. அவவாத்தான்.

மெத்தையைத் தூக்கிச் சுவரில சாத்தியாச்சு. அம்மா புறுபுறுத்துக்கொண்டு சமையலைக் குசினிக்கு வெளியில மாத்தினா. கதிரை சுவரில இருந்து ரெண்டரை அடி. ஏ தட்டிப் பார்த்தன், வீக்கம் இல்ல. யன்னல் பூட்டு, ஃபான் நிப்பாட்டு, போன் எல்லாம் வெளியில.

அக்கா வந்து இருந்தா. இருந்ததும், "ஃபானைப் போட்டுக்கொண்டு பாடேலாதா?"