அல்சூரில் ஒரு ஞாயிறு, ஒரு செம்பருத்திக் குச்சி

பெங்களூரு போனால் லால்பாக் பார்க்காமல் திரும்புவதில்லை. இந்த முறையும் போனேன். ஹைதர் அலி 1760ல் தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர், 1889ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, எல்லாம் அழகுதான். ஆனால் மனசு நின்றது அல்சூரில், சித்தி வீட்டுப் பக்கத்துப் பூங்காவில்.

அங்கே ஞாயிறு காலையில் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். செடியில் என்ன பிரச்சினை என்றாலும் கொண்டுபோய்க் காட்டலாம், காசு கிடையாது, தமிழோ கன்னடமோ எது வருதோ அதில் பேசலாம். சித்தி தன் செம்பருத்திக் கிளை ஒன்றை ஒடித்து பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்திருந்தார், கணுவெல்லாம் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. வாங்கிய பெரியவர் முதல் வேலையாகக் கவர் வாயை இறுக்கி முடிந்தார், மற்றவர்கள் கொண்டுவந்த செடிக்குப் பரவிவிடக் கூடாதாம்.

“மாவுப்பூச்சிம்மா. தண்டுல எறும்பு ஏறுதா?”

“ஆமாங்க, வரிசையா போகுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பாக ஒரு நீரை விடும், அதற்காகத்தான் எறும்பு வருகிறது, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடுகிறது, அதனால் எறும்பைத் தடுக்காமல் மருந்து மட்டும் அடித்தால் திரும்பத் திரும்ப வரும் என்றார். எத்தனை வருஷமாகச் செம்பருத்தி வளர்க்கிறேன், இது எனக்குத் தெரியவே தெரியாது! அப்புறம் வைத்தியம்: மோசமான கிளைகளை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் இறங்கினபிறகு இலைக்கு அடிப்பக்கமும் நனைகிற மாதிரி அடிக்கணும், வாரம் ஒருமுறை. சித்தி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது பக்கத்திலிருந்த அம்மா, தன் வீட்டு அடுக்குச் செம்பருத்தியில் பென்சில் கனத்துக் குச்சி ஒன்றை ஈரத் துணி சுற்றிக் கொடுத்தார். “ரெண்டு கணு மண்ணுக்குள்ள இருக்கணும், நிழல்ல வைங்க. தளிர் வந்திருச்சுன்னு புடுங்கிப் பார்த்துடாதீங்க, வேர் அதுக்கப்புறம்தான் வரும்” என்றார்.

நாகர்கோவில் ரயிலில் ராத்திரி முழுக்க அந்தக் குச்சி என் மடியில்தான் இருந்தது. நட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. மேல் கணுவில் பச்சையாக ஒரு புள்ளி தெரிகிறது. தொடவில்லை.