தண்ணீருக்கு மேலே தலை

நான் நீந்தப் பழகியது குழித்துறை ஆற்றில். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தாமிரபரணி அது, நெல்லையில் ஓடுவது வேறு. இது தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. மட்டை உரிக்காத நெற்றுத் தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டி, நடுவிலுள்ள கயிற்றின் மேல் என்னைக் குப்புறக் கிடத்தி, என் பாட்டி, அம்மச்சி, ஆற்றில் தள்ளிவிட்டார்.

"தல வெள்ளத்துக்கு மேல நிக்கணும் மக்களே. கூட வந்த பிள்ள எங்க கெடக்குன்னு பாத்துக்கிட்டே நீந்து."

எங்கள் ஊரில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர்.

பள்ளியில் பி.டி. டீச்சர் என்னைப் போட்டிக்குத் தயார் செய்தபோது முதலில் கைவைத்தது இந்தப் பழக்கத்தில்தான். ஃப்ரீஸ்டைலில் தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், கால் இழுபடும், ஒவ்வொரு வீச்சிலும் நேரம் போகும். சுவரை உதைத்துத் திரும்பவும் எனக்கு வராது. ஆற்றில் ஏது சுவர்? நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய், குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோட்டை மட்டும் பார்க்கச் சொல்லி, இரண்டு வருடம் பொறுமையாகத் திருத்தினார். அவர் சொந்தக் காசில் எத்தனை பஸ் டிக்கெட் எடுத்திருப்பார் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். மாநிலப் போட்டி வரை போனேன்.

கடற்படை என்ற நினைப்பு வந்தது 2017இல். செப்டம்பர் 10 அன்று ஆறு பெண் கடற்படை அதிகாரிகள் தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவர கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். பேப்பரில் வந்த படத்தை வெட்டி வைத்துக்கொண்டேன். அது ஆசை, அவ்வளவுதான். நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் மறியலுக்கு உட்கார்ந்த கூட்டத்தில் என் கல்லூரித் தோழியின் அம்மாவும் இருந்தார். "தேடுறத நிறுத்திராதீங்க" என்று மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கணவர் கடைசிவரை வரவில்லை. அதற்குப் பிறகு வேறு வேலைக்கு விண்ணப்பம் போட எனக்கு மனம் வரவில்லை.

அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு, மருத்துவப் பரிசோதனை, அப்புறம் கண்ணூர் பக்கம் எழிமலையில் கடற்படை அகாடமி. அங்கே என் கூடப் பயிற்சிக்கு வந்த ஒரு ராஜஸ்தான் பெண் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. நீச்சல் குளத்தின் விளிம்பை அவள் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மாலை வேளைகளில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அங்கே தேங்காய்க்கு எங்கே போவது? என் கையையே தேங்காயாக அவள் வயிற்றுக்கடியில் கொடுத்தேன்.

உயிர்காக்கும் நீச்சல் வகுப்பில் வழக்கம்போலத் தலையைத் தாழ்த்தி வேகமாகப் போனேன். பயிற்றுநர் விசில் அடித்து நிறுத்தினார். தலையைத் தூக்கி நீந்த வேண்டும், தத்தளிப்பவரிடமிருந்து கண்ணை எடுக்கவே கூடாது என்றார். எனக்கு அம்மச்சி ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் தண்ணீர்.

1992இல் மருத்துவம் தவிர்த்த பிரிவுகளிலும் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது முதல் அவர்களுக்குப் பெரும்பாலும் குறுகிய காலப் பணிதான் இருந்தது. 2020 மார்ச் 17 அன்று நிரந்தரப் பணிக்கு வழிவிட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அன்று, "இனி வேலை நிரந்தரமா மக்களே?" என்று அம்மா போனில் கேட்டார். கேட்டுப் பெற வேண்டும் என்றேன்.

கப்பலில் ஆள் தவறிக் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு அடிக்கடி ஒத்திகை நடக்கும். பொம்மையை வீசுவார்கள். பார்த்தவர் கையை நீட்டி அதைச் சுட்டிக்காட்டியபடியே நிற்க வேண்டும். கப்பல் வளைந்து திரும்பி வரும்வரை கையும் இறங்கக்கூடாது, கண்ணும் விலகக்கூடாது. முதல் ஒத்திகையில் ஒரு நொடி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அலை மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற மூத்த மாலுமியின் கை மட்டும் அசையாமல் நீண்டிருந்தது. அந்தக் கை காட்டிய திசையில் வெகுநேரம் தேடித்தான் மறுபடி கண்டேன். நடுக்கடலில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும். அன்று இரவு தோழியின் அம்மாவையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

போன விடுமுறையில் அண்ணன் மகளை அதே ஆற்றுக்குக் கூட்டிப்போய், இரண்டு நெற்றுத் தேங்காய் கட்டி இறக்கிவிட்டேன். தலையை நன்றாகத் தூக்கிக்கொண்டு, கரையில் நின்ற தம்பியைப் பார்த்தபடியே கையைக் காலை அடித்தாள். நான் திருத்தவில்லை.