ஆத்தங்கரையில் வளர்ந்தவனுக்கு எதற்குப் பகடை?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஐந்தாம் பதிப்பு; ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, செய்வது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் கதை விளையாட்டு அது. அதில் மொத்தம் 18 திறன்கள். நீந்துவது, ஏறுவது, தாவுவது எல்லாம் அத்லெடிக்ஸ் என்ற ஒரே திறனுக்குள் அடக்கம், பயிற்சி இருந்தால் முதல் லெவலில் உருட்டிய எண்ணோடு கூடுவது வெறும் +2, ஆனால் பகடைக்கோ 20 முகம், அதனால் பழகியவன் முங்குவதும் பழகாதவன் கரையேறுவதும் அடிக்கடி நடக்கும்.

போன மாதம் ஒரு மீனவன் பாத்திரம் ஆற்றைக் கடக்க வேண்டும். பகடை ஓடிவிடாமல் இருக்க பனை ஓலைப்பெட்டிக்குள்தான் உருட்டுவோம், எட்டிப் பார்த்தால் 3, கடக்கப் போதாது.

"ஏல, ஆத்தங்கரையில வளந்தவம்லா அவன், அவனுக்கு எதுக்குப் பகடை?" என்றான் நண்பன்.

தாமிரபரணியில் குளித்து வளர்ந்த எங்களுக்கு அது சரியாகப் பட்டது. அன்றே விதி போட்டோம்: பாத்திரத்தின் பிழைப்பு என்ன என்று ஒரு வரி எழுதிவை, அந்த வேலைக்கு உருட்ட வேண்டாம், வெள்ளமோ இருட்டோ துரத்தலோ இருந்தால் மட்டும் உருட்டு.

அப்புறம், மிரட்டுவதற்குக் கரிஸ்மா என்ற ஆளுமைக் கவர்ச்சிக்குப் பதிலாக உடல்பலத்தைச் சேர்க்கலாம். இது புத்தகத்திலேயே மாற்று விதியாக இருக்கிறது, நாங்கள் அதை நிரந்தரமாக்கிவிட்டோம். பூட்டு ஒருமுறை திறக்கவில்லையா, வேறு வழி யோசிக்காமல் மறுபடி உருட்டக் கூடாது.