ஸ்டெல்லாவுக்கு வயது 34

பிறந்தநாள் கவிதை என்றாலே நிலா, தேவதை என்றுதான் போகும். டப்ளினில் புனித பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட் வேறு ரகம். கவிதை அவருக்குச் சோறு போட்ட தொழில் இல்லை. தோழி எஸ்தர் ஜான்சனுக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்து, பிறந்தநாள்தோறும் எழுதித் தருவார்.

1719-இல் எழுதியது: "ஸ்டெல்லாவுக்கு இன்று 34, ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் சண்டை வேண்டாம்." உண்மையில் அம்மணிக்கு அன்று 38! அதோடு விட்டாரா? முதலில் பார்த்த நாளைவிட வயதும் உடம்பும் இரட்டிப்பாகிவிட்டதாம். (இன்று யாராவது மனைவியிடம் சொல்லிப் பார்க்கட்டும்.) அப்புறம்தான் சாமர்த்தியம். அவள் அழகு, அறிவு, வயது, உடம்பு எல்லாவற்றையும் தெய்வங்கள் சரிபாதியாகப் பிரித்தால், அப்படி இரண்டு பெண்கள் எந்தக் காலத்திலும் கிடைக்க மாட்டார்கள். ஆளுக்கொரு காதலன் வேண்டுமே, அதனால் என்னையும் இரண்டாக்கிவிடு என்று விதியிடம் கெஞ்சுகிறார்.

இருவரும் ரகசியமாகக் கல்யாணம் செய்தார்களா என்ற பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. எனக்கு அது முக்கியமாகவும் படவில்லை. 1727-இல் அவள் நோயாளி, இவர் கிழவர். மூக்குக்கண்ணாடி, மாத்திரைப் பேச்செல்லாம் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த ஜனவரியில் அவள் இறந்துவிட்டாள்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது 1723-ஆம் ஆண்டுக் கவிதை. ஒன்றும் தோன்றாமல் நகத்தைக் கடித்து, தலையைச் சொறிந்ததையே கவிதையாக்கி, புதைத்து வைத்த பெரிய ஒயின் பாட்டிலைத் தோண்டி எடுக்க வைத்துவிடுகிறார் மனுஷன்!