கல்லுக்குக் கீழே கரி

பணி நிறைவு விழாக்களில் ஒரு வசனம் தவறாமல் வரும். "சார் போனால் இந்த இடத்தை யாராலும் நிரப்ப முடியாது." மறுநாள் காலை அதே நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து டீ சொல்லியிருப்பார். நில அளவைத் துறையில் இருந்த காலமெல்லாம் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என் விழாவிலும் அந்த வசனத்தைச் சொன்னார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு நானும் கேட்டுக்கொண்டேன்.

எண்ணூறு கோடி பேர் வாழும் உலகத்தில் ஒருத்தன் இருந்தால் என்ன, போனால் என்ன? மற்றவர்களுக்கு இது ராத்திரி தூக்கம் வராதபோது வருகிற கேள்வி. சர்வேயருக்கு ஆபீஸ் நேரத்திலேயே, ஃபைலோடு சேர்ந்து வரும். ஒவ்வொரு நாளும் நாங்கள் திறப்பது செத்துப்போன யாரோ ஒருவரின் வேலையை. புலப்படத்தின், அதாவது நிலத்தின் அளவு குறித்த பழைய வரைபடத்தின், ஓரத்தில் பழுப்பேறிய மையில் ஒரு சுருக்கொப்பம் இருக்கும். யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் போட்ட கோட்டை வைத்துத்தான் இன்றைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நடுவில் நான் கயிறு பிடிக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் பெயர் நின்ற மனிதர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு, அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கியவர். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808ல் தஞ்சாவூர் பெரிய கோயிலின் உச்சிக்கு அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப்போனது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வளைந்த வட்டத்தை இழுத்தும் தட்டியும் தானே பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்கள் யார் என்பது எதிலும் இல்லை. கொடி பிடித்து மலை உச்சியில் நின்றவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள், சங்கிலி இழுத்தவர்கள் எல்லோரும் கணக்கில் வெறும் ஆட்கள்.

அதற்கும் எண்ணூறு வருஷம் முன்னால் இதே சோழநாட்டில் எல்லை குறித்தவர்கள், பெண் யானையைச் சுற்றிவரச் செய்து, "கல்லும் கள்ளியும் நாட்டி" என்று செப்பேட்டில் எழுதினார்கள். கல் நட்டால் போதாதா, கள்ளி எதற்கு என்று வேலையில் சேர்ந்த புதிதில் நினைத்தேன். இரண்டொரு வருஷம் வெயிலில் அலைந்த பிறகு புரிந்தது. கல்லைப் பிடுங்குவது சுலபம். கள்ளி வேரோடு போகாது, மறுபடி துளிர்க்கும்.

தெரியாதவர்களுக்காக எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய அளவெல்லாம் சங்கிலியில் எடுத்தது. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். ஒரு புலத்தின் மூலைக் கற்களை இணைத்து ஒரு நேர்கோடு எடுப்பார்கள், அதற்கு ஜி லைன் என்று பெயர். அந்தக் கோட்டிலிருந்து, செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃப் வைத்துச் செங்குத்தாக இத்தனை லிங்க் போனால் வரப்பு முனை, இத்தனை போனால் வாய்க்கால் என்று குறிப்பார்கள். இரண்டு கல் கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். அந்த இரண்டு கல் கிடைப்பதுதான் பாடு.

எங்களோடு சங்கிலி பிடிக்க வந்த உதவியாள், செயின்மேன், அதில் கெட்டிக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் விடாமல் என்னை சார் என்பார். படத்தை அவர் பார்க்கவே மாட்டார். நான் இடத்தைச் சொன்னதும் கடப்பாரையைச் சேற்றில் சாய்வாக இறக்குவார். டெல்டா மண் முழுக்க ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதில் கல் கிடையாது. "இங்க கல்லுல கடப்பாரை பட்டுச்சுன்னா அது முளைச்ச கல்லு இல்ல சார், எவனோ மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்து வச்ச கல்லு" என்பார். செங்கல்லில் பட்டால் 'டொக்' என்று மொக்கையாகக் கேட்கும். கருங்கல்லில் 'ணங்' என்று கேட்கும், கை நடுங்கும். அந்தச் சத்தம் வந்ததும் அவர் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும்.

ஒரு கிராமத்தில் பாதை வழக்கு. காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போக வழி இல்லை. நாற்று நட்ட வயலுக்குள் பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், வயல்காரர்கள் மறிப்பார்கள், ஒவ்வொரு சாவுக்கும் போலீஸ் வந்து நிற்கும். "வழி எப்பவும் கிடையாதுங்க, நாங்களா பாத்து விட்டாத்தான் உண்டு" என்று வயல்காரர்கள் சொன்னார்கள். காலனிப் பெரியவர் ஒருவர் மட்டும், "எங்க அய்யா காலத்துல வண்டி போச்சுங்க ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் ஒரு காகிதமும் இல்லை.

காகிதம் எங்கள் அறையில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் புலப்படத்தில், இரண்டு பெரிய பட்டா நிலங்களுக்கு நடுவில் மெலிசாக ஒரு பட்டை. தனி சர்வே எண், 15 லிங்க் அகலம், அதாவது பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் புறம்போக்கு என்று இருந்தது. குறிப்பு எழுதும் இடத்தில், சற்றுச் சாய்ந்த கையெழுத்தில், "சுடுகாட்டுப் பாதை".

அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்கு எழுதியவர் மீது பெரிய ஆர்வம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அவர் தங்கியது யார் வீட்டுத் திண்ணையில் இருந்திருக்கும்? சாப்பாடு எங்கிருந்து வந்திருக்கும்? எல்லாம் மிராசுதார் வீட்டிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். அந்தப் பட்டையை இரண்டு பக்க நிலத்திலும் பாதிப் பாதி சேர்த்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்க வேண்டியவர்களுக்குப் பதிவேடு என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அவர் நல்லவரா, அல்லது சட்டத்துக்குப் பயந்தவரா, அல்லது அன்றைக்குக் கண்ணில் பட்டதை அப்படியே எழுதிவிட்டுப் போனவரா, எனக்குத் தெரியாது. மூன்றாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதுவது பெரிய வீரம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

அளந்தோம். வாய்க்கால் முனையில் ஒரு கல் கிடைத்தது. இன்னொன்றைத் தேடிச் சாயங்காலம் ஆகிவிட்டது. வருவாய் ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், போலீஸ்காரர் வேப்பமரத்தடியில் தூங்கிப்போனார். அண்ணன் மட்டும் வரப்புக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி இறக்கிப் பார்த்தார். 'ணங்'. சேற்றை வழித்ததும் மேல்முகத்தில் உளிக் குறி தெரிந்தது. காலனிப் பெரியவர் இறங்கி வந்து அந்தக் கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாமல் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு வருஷக் கணக்கில் மனு, மேல்முறையீடு, ஆக்கிரமிப்பு அகற்றம் என்று இழுத்தது, அது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கடைசியில் பாதை வந்தது. இப்போது சிமெண்ட் போட்டு, திறந்துவைத்தவர் பெயரோடு ஒரு பலகையும் இருக்கிறது.

இதை இத்தோடு நிறுத்திக்கொண்டால் கேட்க நன்றாக இருக்கும். தனிமனிதனின் செயல் நூறு வருஷம் கழித்தும் பலன் தரும் என்று மேடையில் பேசலாம். ஆனால் அதே அறையில் இன்னொரு பதிவேடும் உண்டு. வேறொரு ஊரில் குட்டை என்று இருந்த ஒரு எண், பிற்பாடு நடந்த பதிவேட்டுத் திருத்தத்தில் தரிசு என்று மாறி, அடுத்த மாற்றத்தில் ஒரு தனியாள் பெயருக்குப் போய், இன்று மனைப்பிரிவாக நிற்கிறது. அடித்து எழுதியவர் காசு வாங்கினாரா, வெயில் தாங்காமல் நேரில் போகாமலே எழுதினாரா, தெரியாது. அவருக்கும் சுருக்கொப்பம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறவர்கள், அவர் வாழ்ந்ததன் விளைவைத்தான் அனுபவிக்கிறார்கள்.

ஆகவே ஒரு மனிதனால் உலகத்தில் ஏதாவது ஆகுமா என்று கேட்டால், ஆகும், வேண்டாம் என்றாலும் ஆகும் என்றுதான் சொல்வேன். மை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். நேர்மையான கோடு அதிக நாள் நிற்கும், கள்ளக் கோடு சீக்கிரம் அழியும் என்பதெல்லாம் எங்கள் ஆவண அறையில் செல்லாது. இதனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விளைவு இருக்கிறது என்பதாலேயே அந்த வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? குட்டையை அடித்து எழுதியவருக்கும் விளைவு நிறையத்தான் இருக்கிறது. நாம் பொதுவாக இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறோம். பெயர் நிற்கவேண்டும், நாலு பேர் வாழ்க்கையை மாற்றவேண்டும், அப்போதுதான் பிறந்ததற்கு அர்த்தம் என்கிறோம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி அவர்களைப் படுத்துகிறோம்.

செயின்மேன் அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதுக் கல் நடும்போது குழியில் முதலில் ஒரு கை அடுப்புக்கரி போடுவார். வீட்டிலிருந்து சின்னச் சாக்குப்பையில் கொண்டுவருவார். நான் படித்த எந்த விதியிலும் அப்படி இல்லை. கேட்டதற்கு, "கல்ல ராவோட ராவா புடுங்கிருவானுங்க சார். கரி மக்காது. பின்னாடி யாராச்சும் தோண்டுனா கருப்பா ஒரு பொட்டு தெரியும், கல்லு இங்கதான் நின்னுச்சுன்னு" என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்றால், முன்னால் இருந்த செயின்மேன். அவருக்கு யார் என்றால், அதெல்லாம் தெரியாது.

நான் வேலையில் இருந்தவரை அந்தக் கரியைத் தோண்டிப் பார்க்க ஒரு தடவைகூட நேரவில்லை. எங்காவது ஒரு கல்லைப் பிடுங்கியிருப்பார்கள், ஆனால் வழக்கு வேறு வழியில் முடிந்திருக்கும். பலன் என்ற கணக்கில் பார்த்தால் அவ்வளவு கரியும் வீண். அவர் ஓய்வு பெற்றார், போன வருஷம் காலமும் ஆகிவிட்டார். கரியைப் பற்றித் தெரிந்தவர் என்று இப்போது நான்தான் இருக்கிறேன். ஆனாலும் குனிந்து, குழிக்குள் கையை விட்டு, கரியைப் பரப்பி, மேலே கல்லை இறக்கித் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும் அந்த மனிதரை நினைத்தால், அர்த்தத்துக்கு அவர் எதற்காகவும் காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலைக்கு என்ன தேவையோ அது அந்தக் குழியிலேயே முடிந்துவிட்டது. பிறகு யாராவது தோண்டினால் அது அவர்கள் பாக்கியம்.

இப்போது ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. வெயிலில் கோலை ஊன்றிச் சில நிமிஷம் நின்றால் செயற்கைக்கோளைக் கேட்டு இடத்தைச் சொல்லிவிடுகிறது. புலப்படங்கள் கணினிக்குள் போய்விட்டன. நல்லதுதான். பழைய சங்கிலியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தவன் எவனும் அதற்காக ஏங்கமாட்டான். போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போனபோது, புதிதாக வந்திருக்கும் சர்வேயர் பெண்ணிடம் பேச்சுவாக்கில் இந்தக் கரி விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போவாள் என்று பார்த்தால், மேஜையிலிருந்த நோட்டை இழுத்து, "எந்தெந்த சர்வே நம்பர்னு ஞாபகம் இருக்கா சார்?" என்றாள். யோசித்து யோசித்து ஏழெட்டுச் சொன்னேன். அதில் ஒரு எண்ணின் உட்பிரிவு மட்டும் எனக்குச் சந்தேகம். அதை அவள் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.