பள்ளிக்கூட மைதானத்துச் சாவி யார் கையில்?

அரசுப் பள்ளி மைதானங்களைப் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவை எப்போது மூடிக் கிடந்தன? எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் பின்பக்கச் சுவரில் ஓர் இடத்தில் மேல்வரிசைச் செங்கல் நான்கைந்து பெயர்ந்திருக்கும், அதற்கு நேர் கீழே உடைந்த சிமெண்ட் ஸ்லாப் ஒன்றை யாரோ சாய்த்து வைத்திருப்பார்கள், ஏறி ஏறி அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு போய்ச் சுவர் வழுவழுவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிக்கெட் டீம்கள் உள்ளே போகிற வழி அதுதான். உள்பக்கச் சுவரில் கரியால் போட்ட ஸ்டம்பு. முன்வாசலில் பெரிய பூட்டு. தலைமையாசிரியருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

ஆக, பகிர்வு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சுவர் ஏறிக் குதிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற, தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் விரட்டுகிற என் அம்மா அந்தச் சுவரை ஏற முடியாது. அவர் பைபாஸ் சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி நடக்கிறார், பின்னால் டிப்பர் லாரி ஹாரன் அடித்தால் கருவேலஞ்செடிக்குள் ஒதுங்குகிறார். ஏழாவது எட்டாவது படிக்கிற பெண் பிள்ளைகள் ஏற மாட்டார்கள், ஏறினால் வீட்டில் உதைதான். சின்னப் பிள்ளைகள் தெருவில் விளையாடி, பைக் ஓட்டுகிறவர்களிடம் திட்டு வாங்குகிறார்கள். அத்தனை பெரிய திடல் மாலை நாலரைக்கு மேல் மறுநாள் காலை வரை பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களுக்கும், இருட்டிய பிறகு குடிக்க வருகிறவர்களுக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது. அப்புறம் திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் துப்புரவு செய்கிற அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு கண்ணாடிச் சில்லு பொறுக்குவார். பகுதி நேரச் சம்பளம் வாங்குகிறவர். சில்லு பொறுக்குவது அவருடைய வேலையில் எழுதி வைத்த ஒன்றா என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடம் பொது இடம் இல்லையா என்றால், தேவைப்படுகிறபோது அதைவிடப் பொதுவான இடம் வேறு கிடையாது. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, சுவரில் அந்த எண் அழியாமல் இருக்கும். புயல் மழை என்றால் நிவாரண முகாம். டிஎன்பிஎஸ்சி தேர்வு, தடுப்பூசி முகாம், எல்லாம் அங்கேதான். அரசு கேட்டால் திறக்கிற கதவு, ஊர் கேட்டால் ஏன் திறப்பதில்லை?

இதை நான் ஒரு தலைமையாசிரியரிடமே கேட்டேன். (ஊரும் பேரும் வேண்டாம், நல்ல மனிதர்.) அவர் சொன்னார்: "சார், உங்களுக்கு நடக்க இடம் வேணும். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு." அவ்வளவுதான். முதலில் எரிச்சலாக வந்தது, யோசித்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. தேர்தலுக்குத் திறந்தால் கலெக்டர் ஆணை இருக்கிறது, ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேறு ஆள் இருக்கிறார். சாயங்காலம் ஊருக்குத் திறந்துவிட்டு, லேபில் ஒரு ஜன்னல் உடைந்தாலோ, கம்ப்யூட்டர் காணாமல் போனாலோ, ஒரு பையன் கோல்போஸ்டிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாலோ, விளக்கம் கேட்டு வருகிற தாள் அவர் மேஜைக்குத்தான் வரும். திறந்ததற்காக யாரும் அவரைப் பாராட்டப்போவதில்லை, ஒரு ரூபாய் கூடுதல் நிதியும் வராது. நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்.

பணத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் விளையாட்டு மானியம் என்று ஒன்று உண்டு: தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை. இந்தப் பணத்தில் வாலிபால் வலையும் ஸ்கிப்பிங் கயிறும் வாங்கலாம். வாட்ச்மேன் வைக்க முடியாது. பல பள்ளிகளில் இரவுக் காவலர் என்ற ஆளே கிடையாது.

தங்கை சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது சாயங்காலம் மாப்பிள்ளை ஷட்டில் ஆடப் போகிறேன் என்று கிளம்பினார், நானும் கூடப் போனேன், போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடம்! உள்ளே இருக்கிற விளையாட்டுக் கூடத்தை போன் ஆப்பில் மணிக்கணக்குக்குச் சில சிங்கப்பூர் டாலர் கட்டிப் பதிவு செய்திருக்கிறார். அங்கே இதற்கு டூயல் யூஸ் ஸ்கீம் என்று பெயர். பள்ளி நேரம் முடிந்ததும், வார இறுதியிலும், மைதானத்தையும் உள்விளையாட்டுக் கூடத்தையும் ஸ்போர்ட் சிங்கப்பூர் என்கிற அரசு அமைப்பு எடுத்து நடத்துகிறது. பள்ளிக்குத் தேவை என்றால் பள்ளிக்குத்தான் முன்னுரிமை. சில மைதானங்களைக் குறிப்பிட்ட நாட்களில் இலவசமாகவே திறந்துவிடுகிறார்கள், குடும்பமாக வந்து பட்டம் விடலாம், பந்து உதைக்கலாம்.

நான் நின்று பார்த்தது ஆட்டத்தை அல்ல, வாசலை. பள்ளியின் முன்வாசல் மூடியே இருந்தது, நாங்கள் போனது பக்கவாட்டில் ஒரு சின்ன கேட். அதன் வழியாகப் போனால் கூடத்துக்கும் கழிப்பறைக்கும் மட்டும்தான் போக முடியும், வகுப்பறைக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவில் வேலி. யார் எந்த நேரத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பார்த்து உள்ளே விடுகிற ஆள் பள்ளியின் ஆள் அல்ல. அந்தப் பள்ளி முதல்வர் அப்போது வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார், எங்களைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. தலைமையாசிரியர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே அங்கே எழவில்லை, ஏனென்றால் சாவி அவர் கையில் இல்லை.

அங்கே எல்லாம் தேனும் பாலும் ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. ஆப்பில் கோர்ட் திறந்ததும் நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது, சிலர் மொத்தமாகப் பிடித்து வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள் என்று மாப்பிள்ளை வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். நம் ஊரில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்ற மாதிரி. இருந்தாலும், கிடைக்கவில்லை என்று புலம்பும் அளவுக்கு ஒரு வசதி இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

ஜப்பானில் இது இன்னும் பழைய ஏற்பாடு. 1961இல் கொண்டுவந்த விளையாட்டு வளர்ச்சிச் சட்டத்திலேயே பள்ளி வசதிகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட முயற்சி எடுக்க வேண்டும் என்று இருந்தது, 2011இல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதி அம்மாக்கள் வாலிபால். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுப் பெண்கள் வாலிபாலில் தங்கம் வாங்கினார்கள், அதற்குப் பிறகு நாடு முழுக்கக் கல்யாணமான பெண்கள் டீம் சேர்த்து ஆட ஆரம்பித்தார்கள். "மாமாசான் வாலி" என்றே பேர். எங்கே ஆடினார்கள்? பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து ஜிம்மில், சாயங்காலத்தில். நம் ஊரில் நாற்பது வயது அம்மா ஒருவர் சுடிதாரில் வாலிபால் ஆடினால் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பேச்சை மைதானம் திறப்பதால் நிறுத்த முடியாது, ஆனால் மைதானம் இல்லாமல் நிறுத்தவே முடியாது.

பெண்கள் விஷயத்தில் ஒன்று. கேட்டைத் திறந்துவிட்டால் மட்டும் பெண்கள் வந்துவிட மாட்டார்கள். திறந்த அன்றைக்கே நடுப்பிட்ச் கிரிக்கெட் டீமுக்குப் போய்விடும், ஓரத்தில் வட்டமடிக்க மட்டும் மற்றவர்களுக்கு இடம், அதிலும் பந்து மண்டையில் படுமா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நேரம் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாரத்தில் சில மாலைகள் முழுத் திடலும் பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மட்டும் என்று போர்டு எழுதி மாட்ட வேண்டும். கழிப்பறை ஒன்று திறந்திருக்க வேண்டும், தண்ணீர் வர வேண்டும், ஒரு விளக்காவது எரிய வேண்டும். விளக்கு இல்லாத திறந்த மைதானத்துக்கு எந்த அம்மா பெண்ணை அனுப்புவார்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கி ஊராட்சிகளுக்கெல்லாம் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள், 33 வகைப் பொருட்கள். கிரிக்கெட் மட்டை, வாலிபால், கேரம் போர்டு, இன்னும் என்னென்னவோ. மாமா ஊரில் போய்ப் பார்த்தேன், பாதிப் பொருள் பிரிக்காமல் ஊராட்சி அலுவலக அறையில் இருக்கிறது, சாவி கிளார்க்கிடம். திரும்பவும் சாவி! ஊராட்சியிடம் பந்து இருக்கிறது, பள்ளியிடம் திடல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சாலைதான் இருக்கிறது. அப்புறம், தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாய் என்று ஒரு திட்டம். வரட்டும், நல்லதுதான். ஆனால் தொகுதிகள் 234, அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கும் மேல். எல்லாப் பள்ளியிலும் மைதானம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு எங்கே நிற்கிறது பாருங்கள். பஸ் ஏறிப் போய் நடைப்பயிற்சி செய்கிறவர் யாரும் கிடையாது.

நடுவில் டர்ஃப் வியாபாரம் வேறு. நெல் வயலில் பச்சைப் பாய் விரித்து, வலை கட்டி, விளக்குப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் பக்கம் வாங்குகிறார்கள். ஆளுக்கு நூறு போட்டால் ஆடலாம் என்பார்கள். அந்த நூறு இல்லாத பையன்தான் ஸ்லாப்பில் ஏறிச் சுவர் தாண்டுகிறான்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். பல கிராமங்களில் ஊர்த்தெருப் பையன்களுக்கு ஒரு திடல், காலனிப் பையன்களுக்கு ஒரு திடல். டோர்னமெண்ட் என்று வந்தால்கூடத் தனித்தனிக் கோப்பை. கோயில் திடலில் யார் ஆடலாம் என்று சண்டை வந்து போலீஸ் வரை போன ஊர்கள் இருக்கின்றன. யாரும் "இது எங்களுடையது" என்று சொல்ல முடியாத ஒரே திடல் அரசுப் பள்ளித் திடல். அதைப் பூட்டி வைத்துவிட்டு வேறு எங்கே சேர்ந்து ஆடச் சொல்வது? சேர்ந்து ஆடுவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை, அடிதடியும் நடக்கும். அதனால்தான் நேரம் பிரிப்பதும் பெயர் பதிவதும் ஊராட்சி கையில் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன், ஊர்ப் பெரியவர்கள் கையில் அல்ல.

திறந்துவிட்டால் ஆக்கிரமித்துவிடுவார்கள் என்று ஒரு பயம் உண்டு. எனக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. ஹரியானாவில் யமுனாநகர் மாவட்டத்து பகவான்பூர் பள்ளி மைதானத்தை ஆக்கிரமித்து வீடு கட்டிய வழக்கில், மைதானம் இல்லாமல் பள்ளி இருக்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் இடத்தைக் காலி செய்யச் சொன்னது. தினமும் காலையில் ஐம்பது பேர் நடக்கிற இடத்தில் ஒருவன் கல்லு ஊன்றினால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆள் போகாத மூலையைத்தான் வேலி மெல்ல மெல்லத் தின்னும்.

சரி, என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் ஊர்க் குழுவில் பேசி ஒரு தீர்மானம் எழுதினோம். பின்பக்கச் சுவரில் அந்த ஸ்லாப் இருக்கிற இடத்திலேயே ஒரு கேட். வகுப்பறைப் பக்கம் போக முடியாதபடி ஒரு கம்பி வேலி. காலை ஐந்தரை முதல் ஏழரை வரை, மாலை ஐந்தரை முதல் எட்டு வரை. பொதுத் தேர்வு நாட்களில் மூடல். கட்சிக் கூட்டம், கல்யாணப் பந்தல், கார் பார்க்கிங் எதற்கும் கிடையாது (இதைச் சேர்க்கத்தான் அதிக நேரம் வாதாடினோம், ஒரு உறுப்பினர் வீட்டில் கல்யாணம் வருகிறது). கேட்டைத் திறந்து மூடுகிற ஆளின் சம்பளமும், துப்புரவு அக்காவுக்குக் கூடுதல் கூலியும், மின்கட்டணமும், உடைந்தால் சரிசெய்கிற பொறுப்பும் நகராட்சியுடையது. சாவியும் நகராட்சியிடம். கையெழுத்து ஆணையருடையது, தலைமையாசிரியர் கையெழுத்தே வேண்டாம். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

தீர்மானம் நிறைவேறிவிட்டது, அலுவலகத்துக்கும் போய்விட்டது. "இதுபோல் வேறு எங்காவது செய்திருந்தால் அந்த ஆணையின் நகலை இணைக்கவும்" என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில், உள்ளாட்சி பொறுப்பெடுத்து, ஒரு பள்ளி மைதானத்தைத் திறந்திருந்தால், அந்தத் தாளின் ஒரு போட்டோ போதும், அனுப்பி வையுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பினாலும் சரிதான்.