புறநகரில் பழைய வீடு வாங்கினோம்: பணத்தைவிடப் பத்திரம்தான் இழுத்தது

சென்னையின் தெற்குப் புறநகரில் மறுவிற்பனைக்கு வந்த தனிவீடு ஒன்றை ஒருவழியாக வாங்கி முடித்தாயிற்று. விலை பேசியதும் வங்கிக் கடனும் சிக்கலில்லாமல் முடிந்தன. மூச்சு முட்ட வைத்ததெல்லாம் காகிதம்தான். பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். எங்கெங்கே மாட்டும் என்பதுதான் இதில் இருக்கும்.

முதலில் ஏரியா. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜிஎஸ்டி சாலையை ஒட்டிப் போகப் போக விலை இறங்கும், புரோக்கரின் வாக்குறுதி ஏறும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்ததும் பேச்சே மாறிவிட்டது. "விமான நிலையத்திலிருந்து மெட்ரோ வருது சார்" என்பதைச் சொல்லாத ஆளே இல்லை. வரட்டும், ஆனால் வராத ரயிலுக்கு இன்றைக்கே ஏன் விலை கொடுக்க வேண்டும்? இப்போது ஓடுகிற மின்சார ரயிலின் நிலையத்துக்கு நடந்து போக முடிகிறதா, நடுவில் தண்டவாளத்தையோ ஜிஎஸ்டி சாலையையோ கடக்க வேண்டுமா, அங்கே சுரங்கப்பாதை இருக்கிறதா என்று காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் காரில் கூட்டிப்போய்க் காட்டினால் எல்லா இடமும் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம்தான்.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். 2023-ல் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. ஆனால் இப்படிப் பேர் வாங்காத தெருக்களிலும் தேங்கும். விற்பவர் சொல்ல மாட்டார், வீடு சொல்லும். மின் மீட்டர் பெட்டியை வழக்கத்தைவிட உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்களா, மோட்டாரைத் திட்டு கட்டித் தூக்கியிருக்கிறார்களா, காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் புதுப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்து, வாசல் பள்ளமாகிப் போன வீடுகள் ஏராளம். கூகுள் எர்த் புரோவில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களுக்குப் பின்னோக்கிப் போகலாம். இன்றைக்கு மனையாக இருக்கும் இடம் அன்று ஏரிப் புறம்போக்கை ஒட்டிய தாங்கலாக (சிறு நீர்நிலையாக) இருந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். விசாரிப்பதாக இருந்தால் சொந்த வீட்டுக்காரரைக் கேட்காமல், வாடகைக்கு இருப்பவரையும் இஸ்திரி வண்டிக்காரரையும் கேளுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் கழிவுநீர் லாரி மழைக்காலத்தில் எத்தனை முறை வருகிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

வீடு பிடித்துவிட்டால், அட்வான்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு எண்களைக் கேளுங்கள்: சர்வே எண் உட்பிரிவோடு, விற்பவர் வாங்கிய பத்திரத்தின் எண் வருடத்தோடு. "டோக்கன் போடுங்க, ஜெராக்ஸ் தர்றேன்" என்றால் அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடலாம். இந்த இரண்டும் கையில் இருந்தால் பட்டா, அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு), புலப்படம் (அதன் எல்லை அளவு வரைபடம்) மூன்றையும் வருவாய்த்துறையின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். அ-பதிவேட்டில் வாய்க்கால், மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), ஏரி, அனாதீனம் (யாரும் உரிமை கோராமல் அரசு வசமுள்ள நிலம்) என்று ஏதாவது இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். கோயில் நிலம், பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது) என்றாலும் அதே கதைதான். புறநகருக்கே உரிய இன்னொரு கண்ணி, நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். 1978-ல் வந்த அந்தச் சட்டத்தை 1999-ல் ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அரசு எடுத்துக்கொண்ட நிலத்தைப் பழைய உரிமையாளரிடமே வாங்கி வீடு கட்டியவர்கள் இன்றும் பட்டாவுக்கு அலைகிறார்கள். பத்திரம் சுத்தமாக இருக்கும், வருவாய்க் கணக்கில் மட்டும் அரசு பெயர் நிற்கும்.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொன்னால், அப்ரூவல் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட பழைய மனைப்பிரிவு வரைபடத்துக்குச் சட்டப்படி மதிப்பு இல்லை. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வேண்டும். அது இல்லாத மனை என்றால் 2017 விதிகளின் கீழ் வரன்முறை செய்த (அனுமதியில்லா மனையைச் சட்டப்படி ஏற்றுக்கொண்ட) ஆணை வேண்டும். அந்தத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகள் உள்ள பிரிவுகளுக்குத்தான். மனைப்பிரிவுக்கு மொத்தமாக வந்த ஆணையைக் காட்டி "எல்லாம் முடிஞ்சுது" என்பார்கள். உங்கள் மனை எண்ணுக்குத் தனி ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள்.

வில்லங்கச் சான்றுக்கு வருகிறேன். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கும். ஆனால் புறநகரில் சார்பதிவாளர் அலுவலக எல்லைகளைப் பலமுறை பிரித்திருக்கிறார்கள். இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடினால், பிரிப்பதற்கு முன்பு நடந்த பதிவுகள் வராமல் போகலாம். பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேயும் தேட வேண்டும். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல், அதற்கு முந்தைய பத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருக்கும், வட்டத்தின் பெயரும் மாறியிருக்கலாம். இது பிழை கிடையாது. புதுப் பத்திரத்தில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, விற்பவர் கடனை அடைத்த பிறகும் வில்லங்கத்தில் உரிமை ஆவண ஒப்படைப்பு (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு) அப்படியே நிற்கும். வங்கி கொடுக்கும் 'பாக்கி இல்லை' கடிதம் போதாது. வங்கி சார்பில் ஒருவர் வந்து ரசீது ஆவணம் பதிந்தால்தான் அடமானம் தீர்ந்ததாக வில்லங்கத்தில் ஏறும். எங்களுக்கு ஒரு பெரிய இழுபறி இதில்தான். கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டதாம், புதியவருக்கு இன்னும் அதிகாரப் பத்திரம் வரவில்லையாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2023 டிசம்பரிலிருந்து, கடன் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இதை மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் வங்கிக்கு எழுதச் சொல்லி விற்பவரிடம் சொன்னோம். மறுவாரமே ஆள் வந்தார்.

வாரிசு விவகாரம் இதைவிட மோசம். வீடு விற்பவரின் அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால், வாரிசுச் சான்றில் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "தங்கச்சிக்குக் கல்யாணத்தப்பவே நகையா குடுத்துட்டோம்" என்பதெல்லாம் பதிவு அலுவலகத்தில் செல்லாது. பதிவான விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரே விற்பவர்களில் ஒருவராகச் சேர வேண்டும். அந்தத் தங்கை வெளிநாட்டில் இருந்தால் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத்தீர்வை செலுத்திக்கொள்ள வேண்டும். இதை முன்கூட்டியே சொல்ல ஆளில்லை. கவுன்டரில் இருந்தவர் பவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இது செல்லாது" என்று நீட்டினார், ஏன் என்று சொல்ல அவருக்கு மனமில்லை. வெளியே பத்திர எழுத்தர்தான் விளக்கினார். உள்ளூர் பவர் என்றாலும் 30 நாளுக்கு மேல் பழையதாக இருந்தால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கு மருத்துவரின் சான்று கேட்பார்கள்.

வருமான வரியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலேயே கழிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் வேலை. விற்பவர்களில் ஒருவர் என்ஆர்ஐ என்றால் அவர் பங்குக்கு இந்த 1% கணக்கு பொருந்தாது. விகிதம் பல மடங்கு, வரம்பும் கிடையாது. ஆடிட்டரைக் கேட்காமல் அவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

வங்கியின் வழக்கறிஞர் "டைட்டில் கிளியர்" என்று எழுதிவிட்டார் என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் பலர். அவர் கண்ணுக்குத் தெரிவது காகிதம் மட்டும்தான், மண்ணை அளப்பது அவர் வேலை இல்லை. மதிப்பீட்டாளர் வருவார், ஆனால் அவரும் கட்டட வரைபடத்தைத்தான் பார்ப்பார். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மாடியைப் பிறகு கட்டியிருந்தால் மாடியை மதிப்பில் சேர்க்க மாட்டார்கள், கடன் தொகை அப்படியே இறங்கும். அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். கிரய ஒப்பந்தத்துக்கு முன்பே அனுமதி வரைபடத்தைக் கேட்பது இதற்காகத்தான்.

மண்ணை நீங்களே அளக்கச் சொல்லுங்கள். பத்திரத்தில் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, ஆக 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு என்று இருக்கும். பட்டாவில் அது ஏர் கணக்கில் 2.23 என்று இருக்க வேண்டும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. பட்டாவில் இதைவிடக் குறைவாக இருந்தாலோ, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு உள்ளே ஏறியிருந்தாலோ, பதிவுக்கு முன்னால் சரிசெய்வது எளிது. பதிவு முடிந்து பணம் கைமாறிவிட்டால், பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்பவரைத் திரும்பக் கூட்டி வருவது கல்யாண வீட்டில் தொலைந்த செருப்பைத் தேடுகிற வேலை.

பதிவு நாளே சுமுகமாகப் போயிற்று. 7% முத்திரைத்தீர்வை, 2% பதிவுக் கட்டணம், மொத்தம் 9%. 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய், வங்கி இதற்குக் கடன் தராது. கட்டுநரிடம் முதல் விற்பனையாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு விகிதம் வேறு. ஒரே ஒரு எச்சரிக்கை: கட்டடம் இருந்தால் கள ஆய்வு உண்டு, அது முடிந்த பிறகுதான் பத்திரம் கைக்கு வரும். கட்டடத்தின் பரப்பையும் வயதையும் குறைத்து எழுதினால் கூடுதல் தீர்வை கட்டச் சொல்வார்கள். மதிப்பு குறைவு என்று முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் மறுமதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டால் பத்திரம் அங்கேயே தங்கிவிடும்.

பிறகு பட்டா. உட்பிரிவு (சர்வே எண்ணைப் பிரித்து மனைக்குத் தனி எண் கொடுப்பது) தேவையில்லாத பட்டாவில் பெயர் தானாக மாறிவிடும். பழைய மனைப்பிரிவுகளில் ஒரே சர்வே எண்ணில் நாற்பது மனைகள் இருக்கும், பட்டா இன்னமும் பழைய விவசாயியின் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ கிடக்கும். அப்போது உட்பிரிவு வேண்டும், நில அளவர் வர வேண்டும். பதிவின்போதே உட்பிரிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் மனு தாசில்தார் அலுவலகத்துக்குப் போய்விடும், அத்தோடு நின்றும்விடும். குறுஞ்செய்தியில் "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தால் பதற வேண்டாம். இணையத்தில் மனு எண்ணைப் போட்டுக் காரணத்தைப் படியுங்கள். எங்களுக்கு வந்தது "மூலப் பத்திரம் இணைக்கப்படவில்லை". இணைத்துத்தான் இருந்தோம், ஆனால் ஸ்கேன் செய்ததில் பாதிப் பக்கம் படிக்க முடியவில்லை. அதற்காகப் புதுமனு, புது வரிசை. ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாக ஸ்கேன் செய்து, 1975-க்குப் பிறகு கைமாறிய பத்திரங்களை வரிசையாக அடுக்கி, முதல் பக்கத்தில் யாரிடமிருந்து யாருக்கு என்று ஒரு சின்ன அட்டவணை வைத்துக் கொடுத்தபோதுதான் மனு நகர்ந்தது. அளவர் வரும் நாளில் பக்கத்து மனைக்காரர்களும் இருந்தால் எல்லைச் சண்டை அங்கேயே தீரும். காரணமே இல்லாமல் தள்ளுபடி செய்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு இருக்கிறது.

சொத்துவரியையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றுவது இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. வரி ரசீதில் இருக்கும் கட்டடப் பரப்பை மட்டும் ஒருமுறை பாருங்கள். மாடியைச் சேர்க்காமல் பழைய அளவுக்கே வரி கட்டி வந்திருப்பார்கள், பெயர் மாற்றப் போகும்போது மறுஅளவீடு செய்து பாக்கியை உங்கள் தலையில் கட்டுவார்கள். அந்தப் பாக்கி விற்பவருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தோம், கேட்டதும் கொடுத்துவிட்டார்.